வீட்டிலிருந்து ஆங்கில வகுப்புக்கு: நம் பெற்றோர் நடந்த தூரம்

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்குக் கல்விப் பணி பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பரிசளிப்பு விழாக்களையும் உபகாரச் சம்பளம் பெற்றவர்களையும் பட்டியலிட்டுத் தந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவையெல்லாம் ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன. ஆண்டறிக்கையில் ஏறாத ஒன்றை எழுதிவைப்பது மேல் என்று பிறகு தோன்றியது. உயர்நிலைப்பள்ளியின் ஆங்கில வகுப்பில் பிள்ளை உட்கார்ந்திருப்பான். அந்த மொழியில் ஓர் எழுத்தும் அறியாத அத்தாவும் அம்மாவும் வீட்டில் இருப்பார்கள். இந்த இருவருக்கும் நடுவே இருந்த தூரத்தைக் குறைக்க நம்மவர் என்னென்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் நான் படித்து அறிந்ததும் உண்டு, நேரில் கண்டதும் உண்டு. என் சொந்தத் தவறு ஒன்றும் உண்டு.

தீவுக்கு வந்த இருவர்

சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்களின் வரலாறு, நவீன சிங்கப்பூரின் வரலாற்றோடு ஏறக்குறைய ஒரே வயது உடையது. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் நிறுவப்பட்டது. தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. ஆங்கிலக் கல்வியும் அதே காலத்தில்தான் இங்கே வந்து இறங்கியது. பிற்காலத்தில் ராஃபிள்ஸ் கல்விநிலையம் என்று பெயர்பெற்ற பள்ளிக்கு 1823இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பள்ளிவாசலில் இருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஆங்கிலப் பள்ளி இருந்தது. ஆனாலும் நம்மவர் பிள்ளைகள் பெருமளவில் அதன் படியேற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நம்மவருக்குப் படிப்பில் நாட்டம் இல்லாததால் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. 1887லேயே சி. கு. மகுதூம் சாகிபு ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் இதழை இங்கே நடத்தத் தொடங்கிவிட்டார். காரணம் எளியது. வணிகத்துக்கும் கூலிக்கும் வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். குடும்பம் ஊரில் இருந்தது, பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் படித்தார்கள். மூன்று ஆண்டுக்கொருமுறை கப்பலேறிப் போய் வரும் தகப்பனுக்கு, சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடத்தோடு என்ன தொடர்பு இருக்க முடியும்?

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து மக்கள் இந்த வழக்கத்தில் மாறுபட்டார்கள். குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். தஞ்சோங் பகார் துறைமுக வட்டாரத்தில் அவர்களுடைய வீடுகள் நெருக்கமாக அமைந்தன. வீடு வந்தால் பிள்ளை வரும், பிள்ளை வந்தால் பள்ளிக்கூடம் வேண்டும்.

உமறுப்புலவர் பள்ளி தந்த நெருக்கம்

1941இல் தோன்றிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்த கையோடு 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைத் தாங்கிய அந்தப் பள்ளி, 1960இல் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. இந்த நாட்டில் தமிழை முதல் மொழியாகக் கொண்டு உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி அது ஒன்றுதான். மூட்டை சுமந்தவர்களும் சில்லறை வணிகர்களும் சேர்ந்து ஓர் உயர்நிலைப்பள்ளியை நிற்க வைத்தார்கள் என்பதை இன்றைய இளையர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் பொருளுக்கு முக்கியமான செய்தி வேறொன்று. அந்தப் பள்ளியில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடையே மொழித் திரை கிடையாது. வாத்தியார் தெருவில் நடந்து வருவார். “என்ன வாத்தியாரய்யா, நம்ம பய எப்படிப் படிக்கிறான்?” என்று அத்தா கடைவாசலில் நின்றே கேட்பார். பதிலும் அங்கேயே கிடைக்கும். அன்று மாலை அதற்குரிய பலனும் பையனுக்குக் கிடைத்துவிடும். பெற்றோர் சந்திப்பு என்று தனியாக ஒரு நாள் வைக்கத் தேவையே இருக்கவில்லை.

ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய நாளில் இந்த நெருக்கம் அறுந்துபோனது. நான் அந்தப் பக்கத்துப் பிள்ளை. என் சித்தப்பா மக்கள் உமறுப்புலவரில் படித்தார்கள், நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். அவர்களுடைய அத்தா பள்ளிக்குள் தன் வீடு போல நுழைவார். என் அத்தா என்னைக் கொண்டுவந்து விடும்போது வெளிவாசலோடு நின்றுவிடுவார்.

ஏன் ஆங்கிலம்?

தாய்மொழி மீது பற்றில்லாமல் நம் பெற்றோர் ஆங்கிலப் பள்ளியைத் தேடிப் போனார்கள் என்று சிலர் எழுதியதுண்டு. அன்றைய நிலைமையை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். 1956இல் அனைத்துக் கட்சிக் குழு நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது உண்மைதான். இரண்டாம் மொழி 1960இல் தொடக்கப்பள்ளியிலும் 1966இல் உயர்நிலைப்பள்ளியிலும் கட்டாயமாயிற்று. எனவே ஆங்கிலப் பள்ளிக்குப் போனாலும் தமிழ் முற்றாக விட்டுப்போகாது என்ற ஆறுதல் பெற்றோருக்குக் கிடைத்தது.

வேலை நிலைமை அதைவிட வேகமாக மாறியது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. படைத் தளங்களை நம்பியிருந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கலங்கின. 1972இல் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. நூறு பேர் தோளில் சுமந்து இறக்கிய சரக்கை ஒரு பளுதூக்கி இறக்கத் தொடங்கியது. அந்தப் பளுதூக்கியை இயக்க ஆங்கிலக் குறிப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். தன் தோளுக்கு இனி வேலை இல்லை என்பதைக் கண்ணால் கண்ட தகப்பன், மகனை ஆங்கில வகுப்பில் உட்கார வைத்தார். அதில் மொழிப்பற்று பற்றிய வாதத்துக்கே இடமில்லை.

நான் சொன்ன பொய்

1968இல் நான் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் தவறிவிட்டேன். ரிப்போர்ட் புத்தகத்தில் அந்த மதிப்பெண் மட்டும் சிவப்பு மையில் இருந்தது. “இது மட்டும் ஏன் செவப்பு?” என்று அத்தா கேட்டார். முக்கியமான பாடத்தைச் சிவப்பில்தான் எழுதுவார்கள் என்றேன். அவர் நம்பிக்கையோடு தமிழில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அடுத்த வாரம் பெற்றோரை அழைத்துவரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அத்தா அரை நாள் கூலியை இழந்து வந்தார். வேலைக்குப் போகும் அரைக்கால் சட்டையையும் கைலியையும் தவிர வேறெதுவும் உடுத்தி நான் பார்த்திராத மனிதர், பக்கத்து வீட்டு மாமாவிடம் நீளக் கால்சட்டை இரவல் வாங்கி உடுத்தியிருந்தார். அது அவருக்கு இரண்டு அங்குலம் அதிகம். கீழே மடித்து விட்டிருந்தார். நண்பர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நான் பத்தடி முன்னால் நடந்தேன். இன்றைக்கும் அந்தப் பத்தடி என் நெஞ்சை உறுத்துகிறது.

ஆங்கில ஆசிரியை ஒரு சீனப் பெண்மணி, கண்டிப்பானவர். நான் வீட்டில் எதையும் வாசிப்பதில்லை, கட்டுரையைப் பார்த்தெழுதுகிறேன், இப்படியே போனால் உயர்நிலை நான்கில் கரையேறமாட்டேன் என்று பத்து நிமிடம் பேசினார். அத்தா என்னைப் பார்த்தார். “நல்லாத்தான் படிக்கிறேனாம். இன்னும் கொஞ்சம் கவனமா இருக்கணுமாம்” என்று மொழிபெயர்த்தேன்.

அத்தா ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். துறைமுகத்தில் சீனரோடும் மலாய்க்காரரோடும் அவர் நாள்தோறும் பேசிய சந்தை மலாயில், “பாண்டாய் கா?” என்று ஆசிரியையிடம் நேராகவே கேட்டுவிட்டார். பையன் கெட்டிக்காரனா என்பது அதன் பொருள். ஆசிரியை சற்றுத் திகைத்து, அவருக்கும் தெரிந்த அதே மலாயில், “பெலும்” என்றார். ‘இன்னும் இல்லை’ என்று பொருள். அதன்பிறகு இருவரும் எனக்கு மேலாகவே பேசிக்கொண்டார்கள். நான் சொன்ன பொய் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

பஸ் நிறுத்தம் வரை அத்தா ஒன்றும் சொல்லவில்லை. அடிவிழும் என்று காத்திருந்தேன். “பெலும்னுதானே சொன்னாங்க, தாப்னு சொல்லலியே. அப்ப வரும்” என்றார். ‘தாப்’ என்று அவர் சொன்னது ‘தா’ என்ற மலாய்ச் சொல்லை, ‘இல்லை’ என்று பொருள். அன்று இரவே என்னைக் கூட்டிக்கொண்டு கிராணியார் வீட்டுக்குப் போனார்.

கிராணியார் சொன்ன வழி

இளையருக்காக ஒரு விளக்கம். அலுவலக எழுத்தரை அக்காலத்தில் கிராணி என்போம். எங்கள் தெருவின் கிராணியார் துறைமுக அலுவலகத்தில் வேலை செய்தவர். அரசாங்கக் கடிதமோ, தண்ணீர் பில்லோ, பள்ளிக்கூட அறிவிப்போ வந்தால், எல்லாரும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போவோம். மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு காசு வாங்கியதில்லை.

அவர் என் ரிப்போர்ட் புத்தகத்தை முழுவதும் படித்து அத்தாவுக்கு விளக்கினார். பிறகு ஒரு வழி சொன்னார். “தேத்தண்ணிக் கடையில பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் கிடைக்கும். தினம் ஒரு செய்திய இவன் உரக்க வாசிக்கட்டும். வாசிச்சத ஒங்களுக்குத் தமிழ்ல சொல்லட்டும். ஒங்களுக்கு வெளங்கலன்னா, அவனுக்கும் வெளங்கலன்னு வச்சுக்குங்க.”

அத்தா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இஷாவுக்குப் பிறகு நான் வாசிப்பேன். எங்கே தடுமாறுகிறேன் என்பதை அவர் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். “திரும்ப வாசி” என்பார். வாசித்து முடித்ததும் யார், எங்கே, ஏன் என்று தமிழில் கேள்வி வரும். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. மறுபடியும் பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். கருத்தறிதல் என்று பள்ளியில் எந்தப் பயிற்சியைப் பெரிய பெயரிட்டு நடத்தினார்களோ, அதைத்தான் அத்தா பாயில் உட்கார்ந்து நடத்தினார்.

ஒருநாள் படைத் தளத்தில் ஆட்குறைப்பு பற்றிய செய்தி வந்தது. அந்த நீளமான ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்தேன், பொருள் தெரியவில்லை. முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். “ஆள நிப்பாட்டுறத சொல்றான்” என்றார். அந்தச் சொல்லின் பொருள் அவருக்கு ஆங்கிலத்தில் தெரியாது, வாழ்க்கையில் தெரியும். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாத தகப்பன் சொல்லித்தரக்கூடியது எவ்வளவோ இருக்கிறது என்பதை அன்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

1970இல் உயர்நிலை நான்கு முடித்தேன். ஆங்கிலத்தில் சிறப்புத் தேர்ச்சியெல்லாம் இல்லை. தேர்ச்சி, அவ்வளவுதான். அந்தத் தேர்ச்சி எனக்கு அலுவலக வேலை வாங்கித் தந்தது.

சங்கத்தின் முதல் வகுப்பு தோற்ற கதை

சில ஆண்டுகளுக்குப் பிறகு நம் சங்கம் உருவானபோது, கிராணியாரின் திண்ணை வேலை கடைவீட்டு மாடியில் ஒரு மேசையாக மாறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக் கடிதங்களைப் படித்துச் சொல்ல உறுப்பினர் இருவர் அங்கே இருப்பார்கள். அதோடு உயர்நிலை மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பும் தொடங்கினோம். கரும்பலகை வாங்கினோம், இலக்கணப் பயிற்சித் தாள்களை மைப்படி எடுத்தோம். முதல் மாதம் மாடிப்படியில் இடமில்லை. நான்காம் மாதம் ஆறு பேர் வந்தார்கள். பிறகு இரண்டு பேர்.

செயற்குழுவில் பிள்ளைகளைக் குறை சொன்னோம், பெற்றோரைக் குறை சொன்னோம். ஓய்வுபெற்ற ஆசிரியராகிய மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும், “பெத்தவங்களுக்கு அங்க ஒரு நாற்காலி போட்டீங்களா?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. பள்ளிக்கூடம் செய்த அதே தவற்றை நாமும் செய்திருந்தோம். பெற்றோரை வெளிவாசலில் நிறுத்திவிட்டோம்.

அதன்பிறகு மூன்று ஏற்பாடுகளைச் செய்தோம். வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் பெற்றோருக்கு உரியது. அன்று படித்த பகுதியைப் பிள்ளை தன் அத்தாவிடமோ அம்மாவிடமோ தமிழில் சொல்ல வேண்டும், அவர்கள் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். இது முதலாவது. பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நடக்கும் நாளில், ஆங்கிலம் அறிந்த உறுப்பினர் ஒருவர் விடுப்பு எடுத்து உடன் போவார் என்பது இரண்டாவது. எந்தச் சூழ்நிலையிலும் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது என்பது மூன்றாவது. மூன்றாவது விதி என் ஆலோசனை. ஏன் என்று கேட்டார்கள், இரவல் கால்சட்டைக் கதையைச் சொன்னேன். சபை சிரித்தது. பிறகு பலரும் தத்தம் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். பொய் மொழிபெயர்த்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்று தெரிந்துகொண்டேன்.

எல்லாரையும் கரையேற்றினோம் என்று சொன்னால் அது உண்மையாகாது. இரவு வேலைக்குப் போகும் தகப்பன்மாரால் வர முடியவில்லை. உயர்நிலை மூன்றோடு நின்றுபோன பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவன் நன்றாகக் கதை சொல்வான். அவன் வீட்டுக்கு நாங்கள் மூன்று வாரம் தாமதமாகப் போனோம். அதற்குள் வேலையில் சேர்ந்துவிட்டான். இன்று எங்கே பார்த்தாலும் மரியாதையாகச் சலாம் சொல்கிறான். எனக்குத்தான் மனம் கனக்கிறது.

நடைவழியில் காத்திருந்த அம்மாமார்

என் அக்காவை ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அது எங்கள் வட்டாரத்தில் யாரையும் திடுக்கிட வைக்காத முடிவு. எனக்கு இரவில் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லித்தந்த அதே அத்தாதான் அந்த முடிவையும் எடுத்தார். வரலாற்றை எழுதும்போது ஒன்றை எழுதி மற்றதை மறைக்கக் கூடாது.

அக்காவுக்கு மகள் பிறந்து அவள் உயர்நிலைக்கு வந்தபோது, அக்காதான் அவளைச் சங்க வகுப்புக்கு அழைத்து வந்தார். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடம் என்பதால் உள்ளே வரத் தயங்கி, மாடி நடைவழியில் மற்ற அம்மாமாரோடு காத்திருப்பார். கொஞ்ச நாளில் நடைவழியே ஒரு வகுப்பாகிவிட்டது. உள்ளே ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, தங்களுக்குள் அதைப் பேசிக்கொள்வார்கள். உள்ளே இருந்த அத்தாமாரைவிடக் கூர்மையான கேள்விகள் வெளியிலிருந்துதான் வந்தன. பிறகு அவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினோம். அக்கா தன் நாற்பதாம் வயதில் ரிப்போர்ட் புத்தகத்தில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டார். அதை அத்தாவிடம் காட்டினார். அத்தா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

‘நார்மல்’ என்றால் நல்லதுதானே?

1979இல் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு கல்வி அமைச்சைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் கற்பிக்கப்படும் மாணவர்களில் 85 விழுக்காட்டினர் வீட்டில் அம்மொழிகளைப் பேசுவதில்லை என்று அது சுட்டியது. வீட்டு மொழி ஒன்று, வகுப்பு மொழி வேறு என்ற சங்கடம் நமக்கு மட்டும் உரியதல்ல, நாடு முழுவதற்கும் உரியது என்று அப்போது தெரிந்தது. நம் திண்ணைகளில் நடந்த போராட்டம் ஹாக்கியன் பேசிய வீடுகளிலும் தியோச்சியூ பேசிய வீடுகளிலும் நடந்திருக்கிறது.

அறிக்கையைத் தொடர்ந்து மாணவர்களைத் தரவாரியாகப் பிரிக்கும் முறை வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் உயர்நிலைப்பள்ளியில் ‘ஸ்பெஷல்’, ‘எக்ஸ்பிரஸ்’, ‘நார்மல்’ என்று பிரித்தார்கள். சங்க மேசைக்கு வந்த ஓர் அம்மா, “என் மவன் நார்மல்ல இருக்கான், நல்லாத்தானே இருக்கான்?” என்று மகிழ்ச்சியோடு கேட்டார். சாதாரணமாக, உடல்நலத்தோடு இருக்கிறான் என்று அவர் பொருள் கொண்டிருந்தார். படிப்புக் காலம் ஓர் ஆண்டு கூடலாம், ஆங்கிலத்தில் இன்னும் உழைக்க வேண்டும், உழைத்தால் முன்னேறலாம் என்று விளக்கினோம். ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் ஒரு வீடு இரண்டு ஆண்டுகளை வீணாக்கிவிடும் என்பதால்தான் அந்த மேசையை நாங்கள் ஒரு ஞாயிறும் மூடவில்லை.

1982இல் உமறுப்புலவர் உயர்நிலைப்பள்ளி மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழியாயிற்று. வாத்தியாரைக் கடைவாசலில் நிறுத்திக் கேட்கும் காலம் அதோடு முற்றாக முடிந்தது. தஞ்சோங் பகார்க் குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்குச் சிதறிப் போயின. கிராணியார் வீடு இருந்த தெருவும் மாறிப்போயிற்று.

அதே காலத்தில் பெரிய துணைகளும் கிடைத்தன. 1982இல் மெண்டாக்கியும் 1991இல் சிண்டாவும் தொடங்கின. முஸ்லிம் என்ற முறையில் ஒரு கதவு, இந்தியர் என்ற முறையில் ஒரு கதவு. எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்டு வந்த பெற்றோருக்கு, இரண்டிலும் விசாரியுங்கள் என்று சொல்லி, படிவத்தை நிரப்பிக் கொடுப்பது சங்கத்தின் வேலையாயிற்று. 1998இல் பள்ளிகளோடு பெற்றோரும் சமூகமும் இணைந்து செயல்படுவதற்கென்று கல்வி அமைச்சு ‘கம்பாஸ்’ என்ற ஆலோசனை மன்றத்தை அமைத்தது. பள்ளிகளில் பெற்றோர் ஆதரவுக் குழுக்கள் பரவின. ஒருகாலத்தில் வெளிவாசலில் நின்ற அத்தாவின் பேரப்பிள்ளைகள், அந்தக் குழுக்களில் உறுப்பினராக உட்கார்ந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இன்றைய தூரம்

இன்று நம் வீடுகளில் ஆங்கிலம் தாராளமாகப் புழங்குகிறது. அப்படியானால் பழைய தூரம் மறைந்துவிட்டதா? 2019 முதல் பள்ளி அறிவிப்புகள் ‘பேரண்ட்ஸ் கேட்வே’ செயலியில் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. கடிதத்தை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் ஓட வேண்டியதில்லை. ஆனால் அறிவிப்பைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துவதற்கும், பிள்ளை வகுப்பில் என்ன படிக்கிறான் என்று அறிவதற்கும் இடையே நிறைய வேறுபாடு இருக்கிறது.

2020 ஏப்ரலில் கொவிட் காரணமாகப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறியபோது, பெற்றோர் பலர் முதன்முறையாக ஆங்கில வகுப்பைத் தங்கள் சாப்பாட்டு மேசையிலேயே கண்டார்கள். “என் மகளுக்கு இவ்வளவு நன்றாக வாதாடத் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்” என்று உறுப்பினர் ஒருவர் சொன்னார். நன்கு ஆங்கிலம் படித்தவர் அவர். மொழி தடையாக இல்லாத வீட்டிலும் பெற்றோர் வாசலிலேயே நின்றுவிட முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆங்கிலப் பாடத்தின் எடை இன்றும் குறையவில்லை. சாதாரண நிலைத் தேர்வில் அது எழுத்து, கருத்தறிதல், கேட்டல், வாய்மொழி என்று நான்கு தாள்களாக அமைந்திருக்கிறது. அதில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லாமல் தொடக்கக்கல்லூரியின் கதவு திறக்காது. பெரும்பாலான பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்புகளுக்கும் அப்படித்தான். 2024இல் உயர்நிலை ஒன்றுக்கு வந்தவர்கள் முதல் பழைய பிரிவுகள் நீங்கி, ஜி1, ஜி2, ஜி3 என்ற பாடநிலைகள் வந்துள்ளன. ‘நார்மல்’ என்றால் நல்லதுதானே என்று கேட்ட அம்மாவின் இடத்தில், ஜி2 என்றால் என்ன என்று கேட்கும் அம்மா இன்று நிற்கிறார். ஊரிலிருந்து அண்மையில் வந்து குடியேறிய, ஆங்கிலம் சரளமாகப் பேசும் பெற்றோரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு மொழி தெரியும், இந்த ஊர்ப் பள்ளியின் நடைமுறைதான் புதிது. மேசைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இளம் பெற்றோருக்கு இந்த மலர் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெற்றோர் சந்திப்பு நாளைத் தவறவிடாதீர்கள், ஆங்கில ஆசிரியரைக் கட்டாயம் பாருங்கள். மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், எங்கே தடுமாறுகிறான், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இரவில் பத்து நிமிடம் ஒதுக்கி, இன்று வகுப்பில் என்ன வாசித்தாய் என்று கேளுங்கள். அதை அவன் தன் நன்னாவுக்கும் நன்னிக்கும் தமிழில் சொல்லட்டும். அதனால் ஆங்கிலமும் தெளியும், தமிழும் தங்கும். வீட்டுப் பெரியவர்களும் பிள்ளையின் படிப்புக்கு வெளியே நிற்க மாட்டார்கள்.

மர்ஹூம் என் அத்தா எந்தப் பள்ளியின் பெற்றோர் குழுவிலும் இருந்ததில்லை. இரவல் கால்சட்டையோடு ஒரே ஒருமுறை பள்ளிக்குள் வந்தார். ‘பெலும்’ என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போய், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இரவுதோறும் அதற்குப் பதில் தேடினார். நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுக் கல்விப் பணிக்கு அடித்தளம், அவரைப் போன்ற பெயரில்லாத அத்தாமாரும் நடைவழியில் நின்ற அம்மாமாரும் இட்டதாகும். அவர்களுக்காக துஆ செய்வோம். அடுத்த ஐம்பது ஆண்டில் நம் பெற்றோர் யாரும் வாசலில் நிற்காதபடி பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.